வாடிவாசலில் இருக்கும் ஒழுங்கு விமானக் கோபுரத்தில் வேண்டாமா?

"ஏன் தம்பி, மதுரையிலே 24 மணி நேரமும் பிளேன் இறங்கலாம்னு சொல்லிட்டாங்களே... ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கோபுரத்திலே யாரு முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா?"

அலங்காநல்லூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இது. அவர் மகன் துபாயில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வருவார், போவார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பெருசு, பிளேனை ஓட்டுறதுக்கு ஆள் இருக்கான்ல! கோபுரத்திலே எவன் உட்கார்ந்தா என்ன?" என்றார் ஒரு வாலிபர்.

பெரியவர் விடவில்லை. "பஸ் ஓட்டுறதுக்கும்தான் ஆள் இருக்கான். ரயில்வே கேட்டைச் சாத்துறதுக்கு ஒருத்தன் வேணுமா, வேண்டாமா?"

சபாஷ்! டெல்லியில் கேட்க வேண்டிய கேள்வியை அலங்காநல்லூர் டீக்கடையில் கேட்டு விட்டார் பெரியவர். சிரித்துத் தள்ளி விடக் கூடிய விஷயம் அல்ல இது. நம் வீட்டுப் பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கோபுரத்தில் என்ன வேலை?

விமான நிலையத்துக்குப் போனால் நம் கண்ணில் படுவது என்ன? கண்ணாடிக் கட்டிடம், டிராலி வண்டி, சோதனை போடும் போலீஸ், சிரித்து வரவேற்கும் பணிப்பெண். தூரத்தில் தெரியும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் முகம் நமக்குத் தெரியாது. அவர்கள் குரலும் நம் காதில் விழாது. விமானிக்கு மட்டும்தான் கேட்கும்.

ஆனால் அந்தக் குரல் "சரி" என்று சொல்லாமல் எந்த விமானமும் ஓடுபாதையில் கால் வைக்க முடியாது. எது முதலில் கிளம்புவது, எது காத்திருப்பது, எது எத்தனை அடி உயரத்தில் பறப்பது, எது எந்தப் பக்கம் திரும்புவது எல்லாம் அங்கிருந்துதான் உத்தரவு. விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது சரியா என்று இவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 15 என்று சொன்னதை 14 என்று திருப்பிச் சொன்னால் அந்த நிமிஷமே திருத்த வேண்டும்.

இதில் மூன்று வகை உண்டு. ஓடுபாதையைப் பார்த்துக் கொள்பவர் ஒருவர். நிலையத்தைச் சுற்றி இறங்க வரும் விமானங்களையும் ஏறிப் போகும் விமானங்களையும் பார்ப்பவர் இன்னொருவர். நெடுந்தூரம் பறந்து போகும் விமானங்களை வழிநடத்துபவர் மூன்றாமவர். நாட்டின் வான்வெளியைச் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று நான்கு பெரிய வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மதுரைக்கு மேலே இருக்கும் ஆகாயம் சென்னை வட்டாரத்தில் சேர்ந்தது.

விமானி ஒரு விமானத்தைப் பார்த்தால் போதும். கோபுரத்துக்காரர் அப்படி அல்ல. தம் பொறுப்பில் இருக்கும் எல்லா விமானங்களையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்திருக்க வேண்டும். ஒரு விமானத்தில் 180 பேர் என்றால், ஐந்து விமானத்துக்கு எத்தனை பேர்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம்ம ஊர் கணக்கு

இது புரிய வேண்டுமானால் அமெரிக்கா, லண்டன் எல்லாம் போக வேண்டாம். தை மாதம் நம்ம ஊர் வாடிவாசலுக்கு வந்தால் போதும்.

முதலில் கோயில் காளை. அதை யாரும் தொட மாட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காளையாகத்தான் அவிழ்த்து விடுவார்கள். முந்தின காளை களத்தைத் தாண்டிப் போனதா என்று பார்த்துத்தான் அடுத்ததுக்குக் கயிறு அறுக்கும். அவசரப்பட்டு இரண்டை ஒன்றாக விட்டால் என்ன ஆகும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

விமான நிலையத்திலும் இதே முறைதான். ஓடுபாதையில் ஒரு நேரத்தில் ஒரு விமானம். அது நகர்ந்தால்தான் அடுத்ததற்கு அனுமதி. ஆபத்து என்று குரல் கொடுக்கும் விமானத்துக்குக் கோயில் காளை மாதிரி முதல் வழி. மற்றதெல்லாம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மாடுபிடி வீரர்களைக் காலையிலிருந்து சாயந்தரம் வரை ஒரே கும்பலாகவா களத்தில் நிறுத்தி வைக்கிறார்கள்? இல்லையே! சுற்று சுற்றாக இறக்குகிறார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு நிறத்தில் பனியன். நேரம் முடிந்ததும் வெளியே. அடுத்த சுற்றுக்குப் புது ஆட்கள். இறங்குவதற்கு முன் டாக்டர் பரிசோதனை. குடித்திருந்தால் அங்கேயே வெளியேற்றம்.

ஏன் இந்த ஏற்பாடு? களைத்தவன் களத்தில் நின்றால் அவனுக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. இவ்வளவுதான் விஷயம்.

காளைக்கு முன்னால் நிற்பவனுக்கு இருக்கும் இந்த ஏற்பாடு, நூற்றுக்கணக்கான உயிரைக் கையில் வைத்திருப்பவனுக்கும் இருக்க வேண்டுமா இல்லையா?

சின்னமனூர் மலையில் நடந்தது

"விபத்தெல்லாம் வெளிநாட்டிலேதான்" என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சேதி.

1971 டிசம்பர் 9. மதுரையில் இறங்குவதற்காக வந்து கொண்டிருந்தது இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம். சின்னமனூர் அருகே மலையில் மோதியது. 21 பேர் மாண்டார்கள். அன்றைக்கு அந்தப் பக்கமெல்லாம் மதுரை ஜில்லாவிலேயே சேர்ந்திருந்தது. இன்றைக்கும் அங்குள்ள வயதானவர்கள் சிலருக்கு நினைவிருக்கும்.

யார் மேலும் பழி போட இதைச் சொல்லவில்லை. மதுரைக்கு மேற்கே வருஷநாடு, மேகமலை, குரங்கணி என்று மலைத்தொடர் நிற்கிறது. மேகம் மூடினால் விமானிக்கு மலை தெரியாது. அப்போது அவருக்கு இருக்கும் துணை இரண்டுதான். ஒன்று கருவி. இன்னொன்று தரையிலிருந்து பேசும் மனிதர். 1971-க்குப் பிறகு கருவிகள் எவ்வளவோ முன்னேறி விட்டன. அந்த மனிதரின் எண்ணிக்கையும் அதே வேகத்தில் வளர்ந்ததா என்பதுதான் கேள்வி.

1996 நவம்பர் 12-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டெல்லிக்கு அருகே ஹரியானாவில் சர்கி தாத்ரி. சவுதி விமானம் ஏறிக் கொண்டிருந்தது. கஜகஸ்தான் விமானம் இறங்கிக் கொண்டிருந்தது. ஒன்றுக்கு 14,000 அடி, மற்றதற்கு 15,000 அடி என்று கோபுரம் சரியாகத்தான் சொன்னது. 15,000-த்தில் நிற்க வேண்டிய விமானம் அதற்கும் கீழே வந்து விட்டது. நடுவானில் மோதல். 349 பேர் சாவு.

அப்போது டெல்லியில் இருந்த ரேடார் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும். எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. உயரம் காட்டும் புது ரேடார் இன்னும் வேலைக்கு வரவில்லை. 349 பேர் செத்த பிறகுதான் ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு ஒரு பாதை என்று பிரித்தார்கள். மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்றார்கள்.

குதிரை ஓடின பிறகு லாயத்தைப் பூட்டுவது நம் வழக்கமாகி விட்டதா?

ஒற்றை ஆள், ஒரு ராத்திரி

பெரியவர் கேட்டாரே, "ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு?" என்று. அதற்கு ஐரோப்பாவில் நடந்த ஒரு சம்பவம் பதில் சொல்லும்.

2002 ஜூலை 1. நள்ளிரவு நெருங்கும் நேரம். சுவிட்சர்லாந்து ஜூரிச்சில் இருந்த கட்டுப்பாட்டு நிலையம். பணியில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுக்குப் போய் விட்டார். ராத்திரியில் அப்படிப் போவது அங்கே வழக்கம். மேலிடத்துக்கும் தெரியும், கண்டு கொள்ளவில்லை. மிச்சம் இருந்த ஒருவர் இரண்டு திரைகளை மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்துப் பராமரிப்பு வேலை. டெலிபோன் லைன் சரியில்லை. எச்சரிக்கும் கருவியும் முழுசாக வேலை செய்யவில்லை.

தாமதமாக வந்த வேறொரு விமானத்தை இறக்குவதில் அவர் கவனம் போனது. இந்தப் பக்கம் இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் நெருங்கின. ஜெர்மனியில் உபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே மோதல். 71 பேர் சாவு. அதில் பெரும்பாலோர் சுற்றுலா புறப்பட்ட ரஷ்யக் குழந்தைகள்.

கதை அத்தோடு முடியவில்லை. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர் 2004-ல் தேடி வந்து அந்தக் கட்டுப்பாட்டாளரைக் குத்திக் கொன்று விட்டார்.

பாருங்கள் கொடுமையை! ஆள் போடாமல் விட்டது நிர்வாகம். கத்திக் குத்து வாங்கினது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். 2007-ல் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த நாலு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது. தப்பு நாற்காலியில் மட்டும் இல்லை, அதற்கு மேலேயும் இருக்கிறது என்று கோர்ட்டே சொல்லி விட்டது.

அமெரிக்காவிலும் இந்த வியாதி உண்டு. 1981 ஆகஸ்டில் அங்குள்ள கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமும் வேலை நேரமும் கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். ஜனாதிபதி ரீகன் 11,345 பேரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார். அனுப்புவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். புது ஆட்களைத் தயார் செய்து பழைய நிலைக்கு வரப் பல வருஷம் பிடித்தது.

2025 ஜனவரி 29 ராத்திரி வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். காரணம் பல. ஓடுபாதைக்கு அத்தனை பக்கத்தில் ஹெலிகாப்டருக்கு வழி வைத்ததே தப்பு என்றார்கள். அந்த நேரத்தில் ஹெலிகாப்டரையும் விமானத்தையும் ஒரே ஆள் கவனித்துக் கொண்டிருந்தார் என்பதும் வெளியே வந்தது. பணக்கார நாடு. அங்கேயே இந்த லட்சணம்!

நம் நாட்டில் நிலைமை என்ன?

ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. இண்டிகோ அதே வருஷம் ஜூனில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து 970! பத்திரிகைகள் எல்லாம் கொட்டை எழுத்தில் போட்டன. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். மறுப்பதற்கில்லை.

ஆனால் 970 விமானத்துக்கு வழி சொல்லப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பத்திரிகையாவது கொட்டை எழுத்தில் போட்டதா?

2025 ஜூன் 12-ல் ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்தார்கள். விமானத்திலிருந்து ஆபத்துக் குரல் வந்ததும் கோபுரத்திலிருந்து பதில் கேட்டார்கள். பதில் வரவில்லை. விமானம் விழுவதைக் கண்ணால் பார்த்து, உடனே மீட்புக்கு மணி அடித்தவர்கள் அவர்கள்தான்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று விமானப் பாதுகாப்பை அலசியது. 2025 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. எந்தக் கட்சிக்காரரும் தட்டிக் கழிக்க முடியாத அறிக்கை. எல்லாக் கட்சிக்காரர்களும் உட்கார்ந்த குழு அது.

அந்த அறிக்கை சொன்னது என்ன? விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்குக் கடுமையான பற்றாக்குறை. இருப்பவர்கள் மேல் அளவுக்கு மீறிய சுமை. களைப்பு. இத்தனை மணி நேரத்துக்கு மேல் பணியில் உட்காரக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியிலிருந்து விமான நிலைய ஆணையத்துக்கு விலக்கு!

விதியும் அவர்களே, விலக்கும் அவர்களே! பேஷ்!

விதிகளைக் கண்காணிக்க வேண்டிய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கதை இன்னும் பரிதாபம். அனுமதிக்கப்பட்ட இடங்கள் 1,063. ஆள் இருந்தது 553 இடத்தில்தான். பாதி நாற்காலி காலி. மேய்ப்பனுக்கே ஆள் இல்லை என்றால் ஆட்டை யார் பார்ப்பது?

அதே வருஷம் நவம்பர் 7-ல் டெல்லியில் இன்னொரு கூத்து. விமானத் தகவல்களை அனுப்பும் கம்ப்யூட்டர் படுத்துக் கொண்டது. கட்டுப்பாட்டாளர்கள் கையால் எழுதி வேலை பார்த்தார்கள். 800 விமானங்களுக்கு மேல் தாமதம். மெஷின் படுத்தபோது நாட்டைத் தாங்கினது யார்? மனுஷன். அந்த மனுஷன் போதுமான எண்ணிக்கையில் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

டிசம்பரில் நடந்ததும் நினைவிருக்கும். விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு கொடுக்கும் புது விதி வந்தது. அதற்குத் தக்கபடி ஆள் ஏற்பாடு செய்யாத இண்டிகோ, டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. கல்யாணத்துக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு தரையில் உட்கார்ந்தார்கள். கடைசியில் என்ன செய்தார்கள்? ஓய்வு விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள்!

ஆள் இல்லாவிட்டால் முதலில் பலியாவது ஓய்வு. ஓய்வு போன பிறகு அடுத்து என்ன பலியாகும்? சொல்லவே நாக்குக் கூசுகிறது.

திருச்சியில் காப்பாற்றியது யார்?

குறை மட்டுமே சொல்வது நம் வழக்கம் அல்ல. நல்லதையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஜனங்கள் அதிகம் பேர் ஏறும் திருச்சி விமான நிலையத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள்.

2018 அக்டோபர் 12. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல். துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஏறும்போது சுற்றுச்சுவரையும் கருவிக் கம்பத்தையும் உரசிக் கொண்டு போய் விட்டது. உள்ளே 136 பேர். விமானிகளுக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். சுவரில் பட்டிருக்கலாம் என்று சேதி சொன்னது திருச்சி கோபுரம்தான். அதன் பிறகுதான் விமானத்தை மும்பைக்குத் திருப்பினார்கள். அங்கே பத்திரமாக இறங்கியது. இறங்கிய பிறகு பார்த்தால் வயிற்றுப் பக்கம் கிழிந்திருந்தது. அம்மாடி!

நேரத்தைக் கவனியுங்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணி! அந்த நேரத்தில் கோபுரத்தில் இருந்தவர் கண் அயர்ந்திருந்தால்?

2024 அக்டோபர் 11. சாயந்தரம் சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 140 பேருக்கு மேல் உள்ளே. எரிபொருளைக் குறைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமடித்தது. திருச்சி, புதுக்கோட்டை ஜனங்கள் எல்லாம் மொட்டை மாடியில் நின்று ஆகாயத்தைப் பார்த்தார்கள். டெலிவிஷனில் நாடே பார்த்தது. ராத்திரி எட்டே கால் மணி வாக்கில் பத்திரமாக இறங்கியது.

விமானிக்கு மாலை போட்டோம். போட வேண்டியதுதான். அந்த இரண்டு மணி நேரமும் அந்த விமானத்துக்கு வழி ஒதுக்கி, மற்ற விமானங்களை விலக்கி வைத்து, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் தயார் உத்தரவு போக வைத்தவர்களுக்கு யார் மாலை போட்டது?

மதுரைக்கு வருவோம்

அலங்காநல்லூர் மதுரைக்கு வடமேற்கே. விமான நிலையம் தெற்கே, அவனியாபுரத்தைத் தாண்டி. தை முதல் நாள் ஜல்லிக்கட்டு நடக்கும் அதே அவனியாபுரம்தான். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் இது. 2010 செப்டம்பரில் புதுக் கட்டிடம் வந்தது. 2012 செப்டம்பரில் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் பறந்தது. அப்புறம் துபாய், சிங்கப்பூர் என்று வழி திறந்தது.

24 மணி நேர சேவை 2023-லேயே வரும் என்றார்கள். ஆள் பற்றாக்குறை என்று தள்ளிப் போனது. ஒரு வழியாக 2024 அக்டோபர் 1 முதல் 24 மணி நேர நிலையம் ஆனது.

ஓடுபாதை இப்போது 7,500 அடி. அதை 12,500 அடி ஆக்க வேண்டும் என்று வருஷக் கணக்கில் குரல் கொடுக்கிறோம். சுற்றுச்சாலைக்கு அடியில் வழியா, மேலே வழியா என்று வருஷக் கணக்கில் வாதம். நிலம் கொடுக்கும் சின்ன உடைப்பு கிராமத்து ஜனங்கள் மாற்று இடமும் வீடும் கேட்டுத் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். அவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து விட்டு ஓடுபாதையை நீட்டுங்கள். வேண்டாம் என்று யார் சொன்னது?

நாம் கேட்பது வேறு. ஓடுபாதையை நீட்டுகிறீர்கள். புதுக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் திட்டம் போடுகிறீர்கள். கோபுரம் எத்தனை அடி உயரம் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதற்குள் எத்தனை நாற்காலி, எத்தனை ஆள், ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர் என்பதை யாராவது வாய் திறந்து சொன்னார்களா?

பகலில் மட்டும் நடந்த கடையை ராத்திரியும் திறந்து வைத்தால், டீ மாஸ்டரே ராத்திரிக்கு இன்னொரு ஆள் போடுவார். ஒரே ஆளை இரண்டு வேளையும் நிற்க வைத்தால் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழும். டீக்கடையில் உப்பு விழுந்தால் ஒரு கிளாஸ் டீ போச்சு. கோபுரத்தில் உப்பு விழுந்தால்?

"வேறு ஊரிலிருந்து நாலு பேரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது" என்று சிலர் நினைக்கலாம். அது நடக்காது. கட்டுப்பாட்டாளர் ஒரு ஊரில் தேர்ச்சி பெற்றவர் என்பதற்காக இன்னொரு ஊரில் உடனே மைக் பிடிக்க முடியாது. அந்த ஊர் ஓடுபாதை, அந்த ஊர் மலை, அந்த ஊர் காற்று, அந்த ஊர் வழி எல்லாம் பழகி, மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதித் தேற வேண்டும். பாலமேட்டு மாடுபிடி வீரனையே அலங்காநல்லூரில் டாக்டர் பார்த்து, டோக்கன் கொடுத்துத்தான் இறக்குகிறோம்.

ஆகவே இன்றைக்குத் தேவை என்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஆள் எடுத்திருக்க வேண்டும். 2028-க்குத் தேவை என்றால் இன்றைக்கே எடுக்க வேண்டும்.

நாம் கேட்பது இவைதான்

ஒன்று: ஒவ்வொரு விமான நிலையத்திலும் எத்தனை கட்டுப்பாட்டாளர் தேவை, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் வெளியிட வேண்டும். ரேஷன் கடையில்கூட இருப்புப் பலகை எழுதி வைக்கிறார்கள். உயிர்க் காவலுக்கு இருப்புப் பலகை கூடாதா?

இரண்டு: பணி நேர விதிக்குக் கொடுக்கும் விலக்கை நிறுத்த வேண்டும். ஆள் இல்லை என்றால் விமானத்தின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். தூக்கத்தைக் குறைக்கக் கூடாது.

மூன்று: நினைத்தபோது ஆள் எடுப்பதை விட்டு, வருஷம் தவறாமல் எடுக்க வேண்டும். ஒரு வருஷம் 496, இன்னொரு வருஷம் 309 என்று இஷ்டப்படி போகக் கூடாது. வரப் போகும் விமானங்களின் கணக்கைப் பார்த்து ஆள் கணக்குப் போட வேண்டும்.

நான்கு: பயிற்சிக்குப் பிரயாக்ராஜ், ஐதராபாத், கோந்தியா என்று வடக்கேயும் தொலைவிலும் அனுப்புகிறார்கள். நான்கு பெரிய வான் வட்டாரங்களில் ஒன்றான சென்னையை வைத்திருக்கும் தமிழ்நாட்டில் முழு அளவில் ஒரு பயிற்சிப் பள்ளி ஏன் கூடாது?

ஐந்து: தவறு நடந்தால் நாற்காலியில் இருந்தவரை மட்டும் ஒதுக்கி வைத்து விட்டுக் கோப்பை மூடக் கூடாது. 2024 ஜூன் 8-ல் மும்பையில் ஒரு விமானம் மேலே கிளம்பும்போதே அதே ஓடுபாதையில் இன்னொன்று இறங்கியது. மயிரிழையில் தப்பியது. உடனே ஒரு கட்டுப்பாட்டாளரைப் பணியிலிருந்து விலக்கினார்கள். விசாரணை வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு விசாரணையிலும், அன்றைக்கு அவர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்ததா என்பதையும் கேட்டு ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆறு: மதுரையில் ராத்திரி விமானங்கள் கூடுவதற்கு முன்பே ராத்திரி ஷிப்டுக்கு முழு ஆட்களும் இருக்க வேண்டும். நம் எம்.பி.க்கள் ஓடுபாதைக்குக் கேட்கும் அதே குரலில் இதையும் கேட்க வேண்டும்.

"பணம் எங்கே?" என்று கேட்பார்கள். ஒரு விமானத்தின் விலையில் எத்தனை பேருக்கு ஆயுள் முழுக்கச் சம்பளம் கொடுக்கலாம் என்று கணக்குப் போடட்டும். பதில் கிடைக்கும்.

"மெஷின் எல்லாம் வந்தாச்சு, இனிமேல் ஆள் எதற்கு?" என்றும் சிலர் கேட்பார்கள். மெஷின் வரட்டும். நல்ல மெஷின் வந்தால் வேலை சுலபமாகும். ஆனால் மெஷின் படுத்துக் கொண்டால் கையால் எழுத யார் இருப்பது? நவம்பரில் டெல்லியில் பார்த்தோமே!

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை

நம்ம பக்கத்துப் பிள்ளைகள் படித்து விட்டு என்ன வேலைக்கு எழுதுகிறார்கள்? போலீஸ், கிராம நிர்வாக அலுவலர், பாங்கு, ரயில்வே. நல்ல வேலைகள்தான். ஆனால் இப்படி ஒரு வேலை இருப்பதே பல பேருக்குத் தெரியாது.

பி.எஸ்ஸி.யில் இயற்பியலும் கணிதமும் படித்தவர்கள் எழுதலாம். என்ஜினீயரிங் படித்தவர்களும் எழுதலாம். வயது வரம்பு 27. சலுகை உள்ள பிரிவினருக்கு அதற்கு மேலும் உண்டு. பரீட்சை உண்டு, குரல் சோதனை உண்டு, உடல் பரிசோதனை உண்டு. மத்திய அரசு நிறுவன வேலை. இந்திய விமான நிலைய ஆணையம்தான் ஆள் எடுக்கிறது. விமானம் ஓட்டப் படிக்க வேண்டுமானால் லட்சக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். இதற்கு அது வேண்டாம். எடுத்த பிறகு அவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள்.

இங்கிலீஷில் தடுமாறாமல் பேச வேண்டும். பயப்படாதீர்கள். கோபுரத்தில் பேசுவது மேடைப் பேச்சு அல்ல. எண்ணும் உத்தரவும்தான். தெளிவாக, பதறாமல் பேசத் தெரிந்தால் போதும். மேலவளவிலும் வாடிப்பட்டியிலும் பாலமேட்டிலும் அந்தத் தெளிவு உள்ள பிள்ளைகள் இல்லையா? மதுரைக் கல்லூரிகளில் இயற்பியல் பேராசிரியர்கள் கடைசி வருஷ மாணவர்களைக் கூப்பிட்டு, இப்படி ஒரு பரீட்சை இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னால் போதும். புண்ணியமாகப் போகும்.

பெரியவருக்குப் பதில்

டீக்கடைப் பெரியவர் மறுபடியும் கேட்டார். "அப்போ என்ன தம்பி சொல்றீங்க? பையனைப் பிளேன்லே வரச் சொல்லலாமா, வேண்டாமா?"

தாராளமாக வரச் சொல்லுங்கள், ஐயா. ரோட்டில் வருவதைவிட விமானத்தில் வருவது பத்திரம்தான். அந்தக் கோபுரங்களில் இருப்பவர்கள் திறமைசாலிகள். குறைந்த ஆளை வைத்துக் கொண்டே இவ்வளவு தூரம் நம்மைக் காப்பாற்றிக் கொண்டு வருகிறார்கள். ஆனால் திறமைசாலியும் மனுஷன்தான். அவனுக்கும் தூக்கம் வரும். அவன் வீட்டிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்.

"சரிதான்" என்றார் பெரியவர். "எங்க காலத்திலே ராத்திரி களத்துக்குக் காவல் போனா ரெண்டு பேரா போவோம். ஒருத்தன் அசந்தா இன்னொருத்தன் முழிச்சிருப்பான்."

நெல்லுக் களத்துக்கே இரண்டு பேர். நூற்றுக்கணக்கான உயிருக்கு?

டெல்லியில் இருப்பவர்கள் பதில் சொல்லட்டும். அடுத்த விபத்துக்குப் பிறகு அல்ல, அதற்கு முன்பே சொல்லட்டும்!